வயித்துவலி நோட்டு

மதுரையில பெண்கள் பள்ளிக்கூடம் ஒண்ணுல நான் விளையாட்டு டீச்சர். முதுகுக்குப் பின்னாடி பிள்ளைக என்னை என்ன பேரு சொல்லிக் கூப்பிடுதுகன்னு தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன். மைதானத்தை நாலு சுத்து ஓடுங்கடின்னு சொன்னாப் போதும், பாதிப் பேருக்கு வயித்துவலி வந்துரும். அதுக்காகவே ஒரு நோட்டுப் போட்டேன். வயித்துவலின்னு உக்காருற பிள்ளையோட பேரும் தேதியும் அதுல ஏறிரும். மாசவிலக்கு மூணு நாள் போக, அதே மாசத்துல மறுபடியும் வந்து நின்னா, நோட்டை விரிச்சுக் காட்டி ஓட விட்டுருவேன். என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கிட்ட காலம் அது.

பதினொண்ணாம் வகுப்புல ஒருத்தி, கீழக்குயில்குடியில இருந்து பஸ்ல வருவா. கபடியில நல்ல ரைடர். மாசத்துல மூணு நாள் மட்டும் வேப்பமரத்தடியில சுருண்டு உக்காந்துக்குவா.

"முடியல மிஸ். இடுப்புல இருந்து தொடை வரைக்கும் இழுக்குது."

"உலகத்துல உனக்கு மட்டுந்தான் வருதா? நானும் இதோடதான்டி ஓடுனேன்" என்பேன். அவ தேதிக்குப் பக்கத்துல 'நடிப்பு'ன்னு எழுதி வைப்பேன். ஏழு மாசம் எழுதியிருக்கேன், பாவி.

டீம் எடுக்குற அன்னைக்கும் அப்படித்தான் வந்து நின்னா. பிடிவாதமா ஆட விட்டேன். ரெண்டாவது ரெய்டுல, யாரும் தொடாமலே விழுந்தா. வாந்தி எடுத்து, வேர்த்து, உதடு வெளுத்துக் கிடந்தா. தூக்கிட்டுப் போய் நிழல்ல படுக்க வச்சேன்.

அவங்கம்மாவை வரச்சொல்லி, பழங்காநத்தத்துல ஒரு லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். "வீட்டுல வாயே திறக்க மாட்டா டீச்சர். சாப்பிடாமக் கிடப்பா, கேட்டா பசிக்கலைம்பா" என்று அந்த அம்மா வழியெல்லாம் புலம்பினாங்க.

எத்தனை மாசமா இப்படி, எந்தெந்தத் தேதின்னு டாக்டர் கேட்டாங்க. தாய்க்கும் தெரியல, மகளுக்கும் சொல்லத் தெரியல. நான் பையில இருந்து நோட்டை எடுத்துக் குடுத்தேன். டாக்டர் ஒவ்வொரு தேதியா விரல் வச்சுப் பார்த்தாங்க. பக்கத்துல இருந்த வார்த்தையையும் பார்த்தாங்க. நோட்டை மூடி என்கிட்டயே திருப்பிக் குடுத்தாங்க. நாலு வார்த்தை திட்டியிருந்தாக்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

"கர்ப்பப்பைக்கு உள்ள இருக்குற மாதிரியான சதை சில பேருக்கு வெளியிலயும் வளரும். எண்டோமெட்ரியோசிஸ்னு பேரு. இவளுக்கு அதுவா இருக்கலாம், ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம். சின்னப் பிள்ளைகளுக்கும் வரும். எந்திரிக்க விடாத வலி சாதாரண வலி இல்லம்மா, பொறுத்துக்கச் சொல்லாதீங்க. மருந்துல கட்டுப்படுத்தலாம். பள்ளிக்கூடம் போகலாம், விளையாடலாம்" என்றார் டாக்டர்.

பள்ளிக்கூடம் போகலாம்னதும் அந்தப் பிள்ளை அழுதுருச்சு.

அம்மா மருந்து வாங்கப் போனப்ப, வெளியே பெஞ்சுல நாங்க ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். மனசு கேக்காம அவகிட்ட கேட்டேன்.

"ஏம்மா, இம்புட்டு வலியை வீட்டுல சொல்ல வேண்டாமா?"

"எங்க அக்கா இதே வலியை வீட்டுல சொன்னா மிஸ். வலியோட பஸ் ஏறி என்ன படிப்புன்னு அவளை நிறுத்திட்டாங்க. அதான் நான் உங்ககிட்ட மட்டும் சொன்னேன்."