சோபாவில் படுத்துக்கொண்டு கேட்ட கச்சேரி

எனக்கு எட்டு வயதானபோது, பிரிட்ஜ்வாட்டரில் இருந்த எங்கள் வீடு ஒரே ஒரு மாலை மட்டும் சங்கீத சபாவாக மாறியது.

தம்பி அப்போது அம்மாவின் வயிற்றில் இருந்தான். எழுந்து நடமாடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், வரவேற்பறை சோபாதான் அம்மாவுக்கு எல்லாமும். சென்னையிலிருந்து வரும் ஒரு பாடகியின் கச்சேரிக்கு அதற்கு முன்பே டிக்கெட் வாங்கியிருந்தார்கள். எங்களைப் போய்க் கேட்டுவிட்டு வந்து சொல்லச் சொன்னாள் அம்மா. சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

கச்சேரியன்று மதியம், பக்கத்து ஊரான பிஸ்கட்டவேயில் ஏற்பாடாகியிருந்த கல்லூரி அரங்கில் குளிருக்குக் குழாய் வெடித்து மேடையெல்லாம் தண்ணீர் என்று கச்சேரி நடத்துபவர்களிடமிருந்து போன் வந்தது. வேறு இடம் எதுவும் கிடைக்கவில்லை. பஜனையில் எல்லோரும் கைதட்டி முடித்த பிறகு ஒரு தட்டு தட்டுகிற என் அப்பா, எங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்.

சித்தப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “அண்ணிக்கு ரெஸ்ட் வேணும்னு சொல்லிருக்காங்க. ரிஸ்க் எடுக்காதண்ணா,” என்றார். அப்பா சாப்பாட்டு மேசையின் ஒரு முனையைத் தூக்கி, மறுமுனையைப் பிடிக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

மாலையில் கராஜ் முழுக்கப் பூட்ஸ்கள். மாடிப்படிகள்தான் பால்கனி. தன் டிரைவ்வேயை மறித்து நின்ற காரைப் பற்றிக் கேட்க வந்த பக்கத்து வீட்டுக்காரர், யாரோ நீட்டிய கேசரியை வாங்கிக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்திருந்தார். பாடகி தரையில் அமர்ந்திருக்க அம்மா மட்டும் சோபாவில் படுத்திருந்தது எனக்குப் பெரிய அவமானமாக இருந்தது. கால் பாடகியின் பக்கம் நீளக்கூடாது என்று சித்தப்பா அம்மாவோடு சேர்த்தே சோபாவைத் திருப்பிப் போட்டார்.

தம்பூராவைக் கேட்டுப் பாடகி வாயைத் திறந்த நேரம், ஹீட்டர் உர்ரென்று பாட ஆரம்பித்தது. அதை அணைக்க ஓடினார் அப்பா.

“இருக்கட்டும் சார். அவங்களுக்குக் குளிரும்,” என்று அம்மாவைக் காட்டினார் பாடகி. ஒரு நிமிடம் கண்ணை மூடிக் கேட்டார். “என் ஸ்ருதியை விடக் கொஞ்சம் கீழ இருக்கு. நானே இறங்கி வந்துடறேன்.”

தம்பூராவை இறக்கினார்கள். வயலின்காரர் சிரித்துக்கொண்டே தந்திகளைத் தளர்த்தினார். பிறகு எழுந்த அந்தக் குரலில் ஹீட்டர் சத்தம் எங்கே போனதென்றே தெரியவில்லை. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தின்போது அம்மா என் கையை இழுத்துத் தன் வயிற்றின்மேல் வைத்தாள். உள்ளே தம்பி உதைத்தான்.

“Mom, he's dancing!” என்று கத்திவிட்டேன். மிருதங்கக்காரர் எங்கள் பக்கம் திரும்பி இன்னொரு சுற்று வாசித்தார். அம்மா சிரித்த சிரிப்பில் சோபாவே குலுங்கியது.

அப்பா மட்டும் மாடிப்படியின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். பாடகியை அவர் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை, அம்மாவையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அப்பாவுக்குப் பாட்டே பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.