பின் தெருவில் வந்து இறங்கிய வெளிநாட்டுக்காரர்

பல்செட்டுக்காரர் பிளாஸ்டர் தாடையைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி விடுகிறார். தாடை டக் டக்கென்று அடித்துக்கொண்டு, "வீட்டு வாடகை எவ்வளவு?" என்று ஓர் அந்நிய மொழியில் கேட்கிறது. கொஞ்சம் பொறுத்து அதே தாடை, "அதிகமாக இருக்கிறதே, குறைக்க முடியுமா?" என்கிறது. குரல் அவருடையது. ஆனால் தாடை சொல்லும்போது உச்சரிப்பு தெளிவாக வருகிறது என்பது அவர் கட்சி. திரைக்கு அந்தப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருக்கும் நோயாளி கண்களை உருட்டுகிறார். "ஒண்ணும் இல்லை, உள்ள வேலை நடக்குது," என்கிறார் பல் டாக்டரம்மா.

அந்தத் திரைக்குப் பின்னால், அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிய இடத்தில், இருபது வருஷத்துக்கு மேலாகப் பல்செட்டுக்காரர் ஊருக்குப் பல் கட்டித் தந்துகொண்டிருக்கிறார். புருவத்தில் பிளாஸ்டர் தூள் படிந்து, மாலையில் பார்க்கும்போது காலையில் பார்த்ததைவிடப் பத்து வயது கூடியிருப்பார். நகத்தில் இளஞ்சிவப்பு மெழுகு. யாரிடம் பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டார், வாயைப் பார்ப்பார். தெருவில் யாராவது வணக்கம் வைத்தால், அவர்கள் சிரிக்கிறவரைக்கும் ஆளைத் தெரியாது. சிரித்துவிட்டால், "ஓ, மேல் வரிசையா," என்று நெகிழ்ந்துபோவார். தன் வாயில் இத்தனை வயதுக்கும் ஒரு பல்கூட விழாததில் அவருக்குக் கொஞ்சம் கூச்சம் உண்டு.

வெளிநாடு போகும் ஆசை, வீட்டு உரிமையாளர் மறுபடி வாடகையை ஏற்றிய வாரத்தில் வந்தது. அதே வாரம் கைபேசியில் ஒரு வீடியோ பார்த்தார். ஒரு வயதானவர் இரண்டு மரத்துக்கு நடுவில் வலை ஊஞ்சலில் படுத்திருக்கிறார். முன்னால் கடல், பின்னால் லேசாகப் புகையும் எரிமலை. செலவு பாதி, சாகசம் இரண்டு மடங்கு என்று அவர் ஊஞ்சலில் படுத்தபடியே சொன்னார். பல்செட்டுக்காரர் அதை ஏழெட்டுத் தடவை பார்த்தார். ஊஞ்சல்காரருக்குக் கீழ்க் கடைவாயில் இரண்டு பல் இல்லை என்பதையும் கவனித்தார். ஆக, தொழிலுக்கும் குறைவிருக்காது.

அந்த நாட்டின் பெயரை வீட்டில் முதல்தடவை சொன்னபோது, கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகள் தொலைபேசியில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவர் பெயரையே விட்டுவிட்டார். 'அங்க' என்றால் அந்த நாடு.

"அங்க கரண்ட் பில்லே வராதாம்."

"கரண்டே வராதா இருக்கும்," என்றார் மனைவி.

"அங்க தினம் ஒரு சாகசமாம்."

"நீங்க ரோட்டைக் கடக்கணும்னா வேற யாராவது கடக்கறவரைக்கும் நின்னு, அவங்க பின்னாடியே ஒட்டிக்கிட்டுப் போறவரு. எரிமலைக்கு யார் பின்னாடி போவீங்க?"

மனைவி கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் லைசென்ஸ் வாங்கினார்கள். பக்கத்து இருக்கையில் தனக்கென்று ஒரு பிரேக் வைத்துக்கொண்டு வாழ்கிறவருக்கு எதற்கும் பயம் கிடையாது. ஆனால் இந்தப் பேச்சு மாசக்கணக்கில் நீண்டபோது அவருக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் காலை, பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே சொன்னார்.

"சும்மா நான் போறேன், நான் போறேன்னு சொல்லாதீங்க. ஒரு வாரம் இந்த ஊர்லயே வெளிநாட்டுக்காரனா இருந்து காட்டுங்க. யாரையும் தெரியாது, பாஷை தெரியாது. தாக்குப்பிடிச்சீங்கன்னா அப்புறம் பேசலாம்."

மனைவி இதைக் கிண்டலாகச் சொன்னார். பல்செட்டுக்காரர் கிண்டலைக் கிண்டலாக எடுத்துக்கொண்ட சரித்திரம் கிடையாது. டாக்டரம்மாவிடம் வெளியூர் போவதாக லீவு சொன்னார். பையைக் கட்டினார். பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வாசலில் நின்று மனைவிக்குக் கையாட்டினார். மனைவியும் துடைப்பத்தோடு கையாட்டினார்.

பயணம் நீளமாக இருக்கவேண்டும் என்பதற்காக, ஊரைச் சுற்றிவரும் பேருந்தில் ஏறி மதியம்வரை இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பாதி வழியில் பிஸ்கட் சாப்பிட்டார். கண்ணை மூடிக் கழுத்து வலிக்கத் தூங்கினார். நடத்துநர் மூன்றாவது சுற்றில், "பெரியவரே, எங்க இறங்கணும்னு மறந்துட்டீங்களா?" என்று பரிவோடு கேட்டபோது, புரியாதவர்போலப் புன்னகை செய்தார். கடைசியில் தன் வீட்டுக்கு இரண்டு தெரு பின்னால் இறங்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அண்ணாந்து கட்டடங்களைப் பார்த்தபடி நடந்தார். உண்மையில் அந்தப் பின் தெருவில் இப்படி ஒரு பச்சைக் கட்டடம் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரியும்.

பச்சைக் கட்டடம் ஒரு லாட்ஜ். மேனேஜர் அவரைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "வாங்க சார். நீங்க கட்டின பல்லுதான் எங்கப்பா இன்னும் போட்டுக்கிட்டிருக்காரு. நேத்துகூட முறுக்கு கடிச்சாரு."

பல்செட்டுக்காரருக்கு, எந்த முறுக்கு, எவ்வளவு கெட்டி என்று கேட்க நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டு, அந்நிய மொழியில், "காலை வணக்கம், எனக்கு அறை வேண்டும்," என்றார். மணி மதியம். மேனேஜர் சற்றுநேரம் அவரைப் பார்த்துவிட்டு, விளையாட்டாக, "பாஸ்போர்ட் இருக்கா?" என்றார். பாஸ்போர்ட் மேஜைமேல் வந்து விழுந்தது. அதற்குமேல் கேட்க மேனேஜருக்குத் தைரியம் வரவில்லை. சாவியைக் கொடுத்தார்.

சிக்கல் மளிகைக் கடையில் வந்தது. சோப்பு கொண்டுவர மறந்துவிட்டார். வெளிநாட்டுக்காரன் கண்ணில் படும் முதல் கடைக்குத்தான் போவான். கண்ணில் பட்ட முதல் கடை, கல்யாணமான நாளிலிருந்து அவர் சாமான் வாங்கும் கடை. அவர் சோப்பைச் சுட்டிக்காட்டினார்.

"என்ன சார், தொண்டை கட்டிடுச்சா?" என்றார் கடைக்காரர்.

மறுபடி சுட்டிக்காட்டினார். வாயைத் திறந்து, அந்நிய மொழியில் 'எவ்வளவு' என்றார். கடைக்காரர் காதில் அது உளறலாக விழுந்தது. தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்து அவரைப் பிடித்து அரிசி மூட்டைமேல் உட்காரவைத்தார். வாய் குழறினால் பக்கவாதமா என்று கண்டுபிடிப்பது எப்படி என்று கைபேசியில் பார்த்திருந்தார்.

"சார், எங்க, சிரிங்க பாப்போம்."

ஒரு பயணிக்குரிய மரியாதையோடு அவர் பொதுவாகச் சிரித்துவைத்தார்.

"சிரிப்பு நேராத்தான் இருக்கு," என்றார் எண்ணெய் வாங்க வந்த ஒரு பெண்.

"ரெண்டு கையையும் தூக்குங்க சார்."

இங்கேதான் பல்செட்டுக்காரருக்குத் தர்மசங்கடம். கையைத் தூக்கினால் பாஷை புரிந்துவிட்டது என்று ஆகிவிடும். அவர் நேர்மையான மனிதர். கையைத் தூக்கவில்லை.

"போச்சு," என்றார் கடைக்காரர். "கை விழுந்துடுச்சு."

கூட்டம் சேர்ந்தது. ஒருவர் விசிறினார். ஒருவர் காலைத் தேய்த்தார். யாரோ டாக்டரம்மாவைக் கூட்டிவந்தார்கள். பல் டாக்டர் என்றாலும் டாக்டர்தானே. வெளியூர் போன ஆள் அரிசி மூட்டைமேல் இருப்பதைப் பார்த்து அவர் திகைத்தார். பிறகு வேறு என்ன செய்வதென்று தெரியாமல் டார்ச்சை அடித்து வாய்க்குள் பார்த்தார். "பல்லெல்லாம் அருமையா இருக்கு," என்றார். கூட்டம் கவலையோடு தலையாட்டியது.

அதற்குள் மனைவிக்குத் தகவல் போய்விட்டது. பாதிப் பாடத்தில் இருந்த பயிற்சிக் கார், ஓட்டப் பழகும் ஒரு அம்மாள் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி இருக்க, குதித்துக் குதித்து வந்து வெங்காய மூட்டைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. மனைவி இறங்கினார். கூட்டம் வழி விட்டது.

பல்செட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். பாதி நாள்கூட ஆகவில்லை, அதற்குள் கால் ஓய்ந்து, வயிறு காய்ந்து, சோப்பும் கிடைக்கவில்லை. ஒரு வார்த்தை, 'போதும் எழுந்திரிங்க' என்று அவள் சொன்னால், எழுந்து வீட்டுக்குப் போய் டீ குடிக்கலாம். சொல்லிவிடுவாள் என்றும் நினைத்தார். சொல்லிவிட்டால் காலம் முழுக்க இதைச் சொல்லிக் காட்டுவாள் என்றும் நினைத்தார்.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தார். பையைப் பார்த்தார்.

"யாரு இவரு?" என்றார்.

கடைக்காரருக்கு மூச்சு நின்றது. "என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? உங்க வீட்டுக்காரர்மா."

"எங்க வீட்டுக்காரர் காலையிலயே வெளிநாடு போயிட்டாரே. வாசல்ல நின்னு நான்தான் டாட்டா காட்டினேன். இவருக்கு அவர் ஜாடை கொஞ்சம் இருக்கு. ஆனா இவரு எவ்வளவு அமைதியா இருக்காரு பாருங்க." பிறகு குனிந்து, காது கேளாதவரிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "ஊருக்குப் புதுசா? வீடு பாக்கறீங்களா? வாடகைக்கு? வாங்க, நான் காட்டறேன்."

கடைக்காரர் டாக்டரம்மாவை ஓரமாக இழுத்து, "ரெண்டு பேருக்குமே பாக்கணும் போலிருக்கே," என்று கிசுகிசுத்தார்.

பயிற்சிக் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து வெளிநாட்டுக்காரர் ஊரைப் பார்த்தார். இரண்டு தெரு போவதற்குள் கார் நான்குமுறை நின்றுபோனது. எரிமலைக்கு இது ஒன்றும் குறைவில்லை என்று அவருக்குத் தோன்றியது. வீடு வந்ததும் ஓட்டிவந்த அம்மாள் கூடத்தில் உட்கார்ந்து சொம்புத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தார். மனைவி புதியவரை உள்ளே அழைத்துப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இது சமையலறை. இந்தக் குழாய் சொட்டும். எங்க வீட்டுக்காரர் நாளைக்குச் சரிபண்ணிடுவாரு. எந்த நாளைக்குன்னு சொல்லலை." வெளிநாட்டுக்காரர் குழாயைக் குனிந்து பார்த்து, வருத்தத்தோடு உச்சுக்கொட்டினார். "இது அவரோட அலமாரி. இது என்னோடது, அதுலயும் பாதி அவரோடதுதான். இது ஜன்னல். திறந்தா பக்கத்து வீட்டுச் சுவர்."

மனைவி ஜன்னலைத் திறந்து சுவரைக் காட்டினார். பிறகு, பாஷை தெரியாத ஆளிடம்தானே சொல்கிறோம் என்ற சுதந்திரத்தோடு சொன்னார்.

"எங்க வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுல போய் இருக்கணும்னு ஆசை. நல்ல ஆசைதான். எனக்கும்தான் இந்தச் சுவரைப் பாத்துப் பாத்து அலுத்துப்போச்சு. ஆனா இத்தனை மாசத்துல ஒருநாளாவது 'நீயும் வர்றியா'ன்னு கேட்டிருப்பாருன்னு நினைக்கறீங்க? நான் போறேன், நான் இருக்கப்போறேன், எனக்கு ஒரு ஊஞ்சல். அவ்வளவுதான். நான் என்ன, வீட்டோட விட்டுட்டுப் போற பீரோவா?"

அவருக்கு எல்லாம் புரிந்தது. புரிந்ததாகக் காட்டிக்கொள்ள முடியவில்லை. எதையாவது சொல்லியாகவேண்டும். கைபேசிப் பாடத்தில் அவர் இதுவரை படித்த அந்நிய வாக்கியங்களை எல்லாம் மனசுக்குள் புரட்டினார். வாடகை இருந்தது, ரயில் நிலையம் இருந்தது. இந்த இடத்துக்கு ஆகிற வாக்கியம் ஒன்றுகூட இல்லை. கடைசியில், இருப்பதிலேயே மென்மையான ஒன்றை எடுத்து, குரலைத் தாழ்த்தி, "ஆமை பால் குடிக்கிறது," என்றார்.

"அப்படியா," என்றார் மனைவி. கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓட்டப் பழகும் அம்மாளைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்.

அன்று இரவு லாட்ஜில் பல்செட்டுக்காரருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவள் இல்லாமல் போவது என்று அவர் ஒருநாளும் நினைத்தது கிடையாது. ஆனால் அவளோடு போவதாகவும் நினைத்ததில்லை. மூக்கையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று யாராவது சொல்வார்களா? மூக்கு பாட்டுக்கு வரும். அப்படித்தான் இருந்திருக்கிறார். மனசுக்குள் அந்தக் கடற்கரையை எத்தனையோ தடவை வரைந்திருக்கிறார். மரமெல்லாம் இரண்டிரண்டாகத்தான் இருந்தது. ஊஞ்சல் மட்டும் ஒன்று. இதைத் தமிழிலேயே சொல்வதென்றாலும் எங்கே ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

காலையில் கீழே ஏதோ சத்தம். இறங்கிப் போனார். வரவேற்பு மேஜைக்கு முன்னால் மனைவி நின்றிருந்தார். கையில் பெட்டி, தலையில் மகள் எப்போதோ விட்டுப்போன வெயில் தொப்பி. மேனேஜர் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"மேடம், உங்களை எனக்குத் தெரியும். நீங்கதானே எனக்கு ரிவர்ஸ் எடுக்கக் கத்துக்கொடுத்தீங்க?"

மனைவி இல்லையென்று கண்டிப்பாகத் தலையை ஆட்டினார். அவர் எந்த அந்நிய மொழியும் படித்ததில்லை. ஆனாலும் நிமிர்ந்து நின்று, "கிளட்ச்," என்றார். மேனேஜர் விழித்தார். "கிளட்ச், பிரேக். ஹாஃப் கிளட்ச்," என்று விளக்கமாகச் சொல்லி, லைசென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

மேனேஜர் பல்செட்டுக்காரரைக் கெஞ்சலோடு பார்த்தார். "சார், இந்தம்மா என்ன சொல்றாங்க? உங்க ஊர்தானா இவங்களும்? தனி ரூம் காலியில்லை. உங்க ரூம்ல ரெண்டு கட்டில் இருக்கு, ஒண்ணாத் தங்கிக்கறீங்களா?"

பல்செட்டுக்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். வாயைப் பார்க்கவில்லை. பிறகு பெட்டியை வாங்கிக்கொண்டு மாடியேறினார். அறையில் ஜன்னலோரக் கட்டிலைத்தான் வந்த உடனே அவர் பிடித்துவைத்திருந்தார். அங்கிருந்து பார்த்தால் பேருந்து நிலையக் கொட்டகைக்கு மேல் கொஞ்சம் வானம் தெரியும். அந்தக் கட்டிலிலிருந்து தன் போர்வையைச் சுருட்டினார், தலையணையை எடுத்தார், துண்டை எடுத்தார். எல்லாவற்றையும் சுவரோரக் கட்டிலில் போட்டுவிட்டு வந்து, ஜன்னலோர விரிப்பின் சுருக்கங்களை இரண்டு உள்ளங்கையாலும் நீவிவிட்டார்.