மொட்டைக்கு மறுநாள்

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுவாரம், திங்கட்கிழமை. கடையைத் திறந்து ஒரு மணி நேரத்துக்குள் மூன்று லேப்டாப்கள் வந்துவிட்டன. மூன்றுமே வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுடையவை. மூன்றிலும் ஒரே கோளாறு. வீட்டில் இருந்தபடியே அலுவலகத்தின் கணினிகளுக்குள் நுழைய உதவும் வி.பி.என். மென்பொருள், ஞாயிற்றுக்கிழமை தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறது. காலையில் பொத்தானை அழுத்தினால் நீலத் திரை வருகிறது, அணைகிறது, மறுபடியும் நீலத் திரை.

பதினோரு மணிக்குள் காரணம் பிடிபட்டது. புதுப்பிப்பு விட்டுச்சென்ற ஒரே ஒரு கோப்புதான் கணினியை எழவிடாமல் தடுத்தது. அதன் பெயரை மாற்றினால் போதும். ஆனால் கம்பெனி லேப்டாப்பின் உள்ளே இருப்பதெல்லாம் பூட்டியிருக்கும். திறக்க நாற்பத்தெட்டு இலக்க எண் ஒன்று வேண்டும். அது அந்தந்தக் கம்பெனியின் உதவி மையத்திடம்தான் இருக்கும். மூன்று பேரும் போன் செய்து எண்ணை வாங்கினார்கள், நான் சரிசெய்து கொடுத்தேன், போனார்கள். வெளியாட்கள் கையாளக் கூடாது என்று லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். நான் ஸ்க்ரூவைத் தொடுவதில்லை, அதனால் விதியை மீறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வது வழக்கம்.

பன்னிரண்டு பத்துக்கு அந்தப் பெண் வந்தார். பொதட்டூர்பேட்டை பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தார், கூடவே தங்கை. தலையில் மொட்டை, காய்ந்து வெடித்த சந்தனம். முந்தைய நாள்தான் முருகன் மலையடிவாரத்தில் முடி கொடுத்திருந்தார்.

“அண்ணா, காலையிலருந்து இதே கதை. எழுந்துக்குது, உடனே படுத்துக்குது” என்றார்.

“பாவா மாதிரியே” என்றார் தங்கை. அக்கா புருஷனை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அக்கா முறைத்தார்.

அவர் கணவர் வீட்டிலேயே பவர்லூம் தறி ஓட்டுகிறவர். ஆனி மாதத்தில் சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, மூன்று வாரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். உயிரோடு வீடு திரும்பினால் முடி காணிக்கை என்பது வேண்டுதல். திரும்பினார். ஆனால் வாரம் இரண்டு முறை அரக்கோணத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டால்தான் அந்த உயிர் நிற்கும். அந்தச் செலவை ஏற்றுக்கொண்டது மனைவியின் கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு. அவரைக் கவனித்துக்கொண்டதில் விடுப்பு கூடிப்போய், கம்பெனியிலிருந்து எச்சரிக்கைக் கடிதமும் வந்திருந்தது. அன்று மாலை ஆறு மணிக்குள் ஒரு அறிக்கையை அனுப்பியாக வேண்டும்.

“இது தவறிப்போச்சுன்னா வேலை போயிடும்ணா. வேலை போனா அவரு...” என்று நிறுத்திக்கொண்டார்.

உதவி மையத்துக்கு போன் போட்டார். எண்ணைக் கொடுக்க அவர்களுக்கு ஒரு முறை இருந்தது. போனுக்கு ஒரு இணைப்பு வரும். அதைத் திறந்து கேமராவில் முகத்தைக் காட்ட வேண்டும். வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த படத்தோடு ஒத்துப்போனால் எண் கிடைக்கும். காட்டினார். பொருந்தவில்லை என்று வந்தது. கடைக்கு வெளியே வெயிலில் நின்று காட்டினார். பொருந்தவில்லை. சந்தனத்தைக் கழுவிவிட்டு வந்து மறுபடி காட்டினார். அதுவும் இல்லை.

பிறகு மையத்தில் இருந்தவரே வீடியோவில் வந்தார். சின்ன வயதுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். வேண்டுதல் என்றால் என்ன என்று இவர் ஆங்கிலத்தில் விளக்கினார். பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அவர் சொன்னதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன்: “நீங்கள் அவர் இல்லை என்று நான் சொல்லவில்லை. நீங்கள்தான் அவர் என்று சொல்ல என்னால் முடியவில்லை.”

மேலதிகாரி சாட்சி சொன்னால் போதும் என்றார்கள். வழக்கமான மேலதிகாரி விடுப்பில் இருந்தார். அவர் இடத்தில் இருந்தவர் இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்ததே இல்லை. நெட் வேகம் போதாது என்று எல்லாக் கூட்டத்திலும் இவர் கேமராவை அணைத்தே வைத்திருந்தார். “பேசினால் பின்னால் ஒரு தடதட சத்தம் கேட்குமே, அவர்தானா?” என்று கேட்டாராம். வீட்டுத் தறிச் சத்தம். என் கடையில் தறி இல்லை.

நேரில் போகலாமென்றால் இருப்பதிலேயே பக்கத்து அலுவலகமே பெங்களூருவில்தான். மணி மூன்று ஆகிவிட்டது. இன்னும் ஒரே ஒரு இணைப்பு அனுப்புவதாகச் சொன்னார்கள். அதுவும் பொருந்தவில்லையென்றால் இரண்டு நாளைக்குப் பூட்டு.

“முடி குடுத்தா முருகன் உசுரைக் குடுப்பாருன்னு பார்த்தா, சோத்துக்கு வழியையும் சேர்த்து எடுத்துகினு போறாரே” என்றார் தங்கை.

“வாயை மூடுடி.”

அக்காவின் அடையாள அட்டை மேசைமேல் கிடந்தது. படத்தில் நிறைய முடி, நடுவகிடு, கண்ணாடி, உப்பிய கன்னம். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்த இரண்டு மாதத்தில் அக்காவுக்குக் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அட்டையைப் பார்த்தேன். தங்கையைப் பார்த்தேன். இரண்டு வயது வித்தியாசம்தான்.

“கண்ணாடியைக் கழட்டி தங்கச்சிகிட்ட குடுங்கம்மா” என்றேன்.

அதைச் சொன்னது நான்தான். அவர்கள் இருவருக்கும் அப்படி ஒரு நினைப்பே வந்திருக்கவில்லை.

“தப்பில்லையாண்ணா?”

“உங்க லேப்டாப்பு, உங்க வேலை. யார் வீட்டுல பூந்து திருடப் போறோம்?”

தங்கை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவகிடு எடுத்தார். இடப்பக்கம் திரும்பு, வலப்பக்கம் திரும்பு என்று போன் சொன்னபடி திரும்பினார். நான்கு நொடியில் பச்சை டிக் விழுந்தது. கண்ணாடி இல்லாததால் அக்காவுக்கு அது தெரியவில்லை. “இன்னா ஆச்சு? இன்னா ஆச்சு?” என்று எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

எண் வந்தது, ஆறு ஆறாக எட்டு வரிசை. ஒவ்வொன்றாகத் தட்டினேன். கோப்பின் பெயரை மாற்றினேன். மூன்று ஐம்பத்திரண்டுக்கு லேப்டாப் எழுந்தது. என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தே அறிக்கையை முடித்து ஐந்து நாற்பதுக்கு அனுப்பினார். வருகிற வேலையைத் தேதி, மணி, கோளாறு, முடிவு என்று எழுதிவைக்கும் நோட்டு ஒன்று என்னிடம் உண்டு. முடிவு என்ற கட்டத்தில் ‘சரியானது’ என்று எழுதினேன். அக்கா பெயருக்குக் கீழே தங்கையின் பெயரையும் எழுதினேன். எதையும் விடக்கூடாது என்பது என் பழக்கம்.

பதினோராவது நாள் கம்பெனியிலிருந்து அவருக்குக் கடிதம் வந்தது. பலமுறை தவறிப் பிறகு பொருந்திய முகங்களை மனிதர்கள் ஒருமுறை பார்ப்பார்களாம். நான்கு படங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மூன்றில் மொட்டை, ஒன்றில் வகிடு. வீடியோவில் விசாரணை நடந்தது. நான்காவது முகம் தன்னுடையது இல்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்; யாருடையது, எங்கே நடந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. உண்மையான முகத்தைக் காட்டிய மூன்று முறையும் கணக்கில் வரவில்லை. நான்காவதற்கு ஆள்மாறாட்டம் என்று பெயர் வைத்தார்கள்.

எனக்குத் தூக்கம் போயிற்று. யோசனை என்னுடையது, அந்த அம்மா மேல் குற்றமில்லை என்று நானே கம்பெனிக்கு எழுதினேன். பன்னிரண்டு பத்தில் தொடங்கி ஐந்து நாற்பது வரை நடந்ததை வரிசைப்படி எழுதினேன். தங்கை என்று குறிப்பிட்டேன், பெயர் போடவில்லை. இத்தனை துல்லியமாக இருந்தால் நம்புவார்கள் என்று நினைத்தேன்.

நம்பினார்கள். பதில் அவருக்கு வந்தது. கம்பெனியின் லேப்டாப்பை, அதன் பூட்டைத் திறக்கும் எண்ணோடு, வெளியாள் ஒருவரிடம் கொடுத்தது இரண்டாவது குற்றம். அதற்கு ஆதாரம் என் கடிதம். அதுவரை பணி இடைநீக்கத்தில் இருந்தவரை நீக்கிவிட்டார்கள். காப்பீடு அந்த மாதக் கடைசியோடு முடிந்தது. எனக்கு வந்த பதிலில் ஒரே கேள்விதான்: நான்காவது படத்தில் இருப்பவரின் பெயர் என்ன?

இரண்டு வாரம் கழித்து அவர் வந்தார். லேப்டாப்பைக் கூரியரில் திருப்பி அனுப்ப ஒரு அட்டைப் பெட்டி கேட்டார். தலையில் விரற்கடை அளவு முடி வளர்ந்திருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் வரிசை நீளமாம். வாரம் இரண்டு முறை என்பது ஒன்றாகிவிட்டதாம்.

“இப்ப எப்படி இருக்காரு?”

“முகம் வீங்கிக்குது. நடந்தா மூச்சு வாங்குது. தறிகிட்ட போய் சும்மா குந்திகினு இருக்காரு.”

பெட்டியை ஒட்டிக் கொடுத்தேன். என் கடிதத்தைப் பற்றி நான் வாயெடுத்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

“நல்லதுக்குத்தான் எழுதினீங்க. வுடுங்க. அந்த நோட்டுல தங்கச்சி பேரு இருக்குதா?”

“ஆங், இருக்குது.”

“அவளுக்கு இப்பதான் ஒரு எடத்துல வேலை கிடைச்சிருக்குது. எங்க வீட்டுல இனிமே அந்த ஒரு சம்பளந்தான். அதைக் கிழிச்சுக் குடுத்துடுங்கண்ணா.”

கடை வைத்த நாளிலிருந்து அந்த நோட்டில் நான் ஒரு தாளைக்கூடக் கிழித்ததில்லை. ஸ்கேலை வைத்துக் கிழித்துக் கொடுத்தேன். ‘சரியானது’ என்ற சொல்லும் அந்தத் தாளிலேயே போயிற்று. அவர் படித்துப் பார்க்கவில்லை. நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூரியர் கடைப் பக்கம் நடந்தார்.

கம்பெனியின் கேள்விக்கு நான் பதில் எழுதவில்லை. இப்போது எழுதுகிற இதிலும் அந்தப் பெயர் இல்லை, தேதியும் இல்லை.