ஒன்பதாவது மீன்

முன்பக்கத்து வகுப்பறையிலிருந்து "எட்டு" என்ற பிஞ்சுக் குரல் மறுபடி கேட்டது. அதன் பின்னாலேயே அடிமட்டம் மேசையில் விழும் சத்தம். "வடிவாப் பார். திருப்பி எண்ணு!" என்றது ஓர் ஆண்குரல். சமையலறையில் அவித்த கடலைக்கு உப்புத் தூவிக்கொண்டிருந்த பிரான்சிஸ்கா ரீச்சர் கையை நிறுத்திக் காதைக் கொடுத்தார். நாலாவது தடவையும் "எட்டு" என்றே வந்தது.

விடத்தல்தீவில் பதினான்கு வருடமாக முன்பள்ளி நடத்தும் ரீச்சர், எண் சொல்லித்தரும் படப் புத்தகம் எதையும் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதில்லை. புதிதாக ஒன்று வந்தால் அதை ஒரு பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். பிள்ளையின் குரல் எந்தப் பக்கத்தில் தடக்குகிறதோ, அந்தப் பக்கத்தில் புத்தகம் பிழை. பிள்ளை பிழை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "படத்தைப் பாத்தால் மயங்கிப்போவம். பளபளவெண்டு அடிச்சிருப்பாங்கள். காது மயங்காது" என்பார்.

அந்தக் காதுக்குத் தப்பிய புத்தகங்கள் குறைவு. பத்து அப்பிள் போட்ட புத்தகம் முதல் பக்கத்திலேயே விழுந்தது. "எங்கட பிள்ளையள் அப்பிளைக் காணுறது ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்திலதான். அதுகள் ஒண்டு, ரெண்டு எண்டு எண்ணாதுகள். ஆருக்கு வருத்தம் எண்டு கேக்குங்கள்." வரிக்குதிரைப் புத்தகம் வந்த அன்று வகுப்பே "கோடு போட்ட கழுதை!" என்று கத்தி, அது யார் வீட்டுக் கழுதை என்று சண்டை பிடித்துக்கொண்டது. பனிப் பொம்மைகள் நிற்கும் பக்கத்தில் ஒரு பிள்ளை, உப்புக் குவியலுக்குத் தொப்பி போட்டது யார் என்று கேட்டது.

தோற்ற புத்தகங்களின் அட்டைகளுக்கு அங்கே ஓர் உத்தியோகம் உண்டு. உப்புக் காற்றில் கொளுக்கி துருப்பிடித்துப்போன வாசற்கதவு, சாத்தினால் நில்லாது. அட்டையைக் கிழித்து நாலாக மடித்து இடுக்கில் செருகினால்தான் நிற்கும்.

யாரையும் பாராட்டத் தெரியாத மனுசி. போன திருநாளில் பங்குச் சுவாமி தம் பிரசங்கம் எப்படி என்று கேட்டபோது, "இருபத்திமூண்டு தரம் 'அன்பானவர்களே' எண்டனீங்கள் ஃபாதர்" என்றார். சுவாமி அதற்குப் பிறகு கேட்பதில்லை.

இன்றைக்கு வந்திருப்பவர் அம்புறோஸ் சேர். கந்தோர் உத்தியோகத்தில் இருந்து ஓய்வுபெற்று, ஓய்வு தாங்காமல் புத்தகம் போட்டவர். கரையோரப் பிள்ளைகளுக்கென்றே எழுதியது என்று வாசலிலேயே மூன்று தரம் சொன்னார். ரீச்சர் கையெழுத்து வைத்தால் சுற்றுவட்டார முன்பள்ளிகள் எல்லாம் வாங்கும். அது அவருக்குத் தெரியும். சப்பாத்தைக் கழற்றவேண்டும் என்பதுதான் தெரியவில்லை.

சப்பாத்துச் சத்தம் சமையலறைக்கு வந்தது. கையில் ஒரு தாள்.

"புத்தகத்தில பிழையில்லை ரீச்சர். பிள்ளைதான் கொஞ்சம் மந்தம். எட்டோட நிக்குது. எழுதிப்போட்டன். தை மாசம் அவ சேரப்போற பள்ளிக்கூடத்துக்கும் இதை அனுப்பப்போறன். அவையும் கவனமா இருப்பினம்."

 'மந்தம்' என்ற அந்த ஒரு சொல் முன்னால் போய்விட்டால், நாலரை வயது ஜெயனி பள்ளிக்கூடத்தில் கால் வைக்கும்போதே அவளுக்குக் கடைசி வரிசையில் வாங்கு போடப்பட்டிருக்கும். பிறகு அவள் தலைகீழாக நின்றாலும் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? கடலைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு நேரே வகுப்பறைக்குப் போனார்.

'அம்மாவின் சட்டியில் ஒன்பது மீன்கள்' என்றது அந்தப் பக்கம். ஜெயனி கண்ணீரும் மூக்குநீருமாக அதன் முன்னால் இருந்தாள்.

"பிள்ளை, எந்த மீனை விட்டனி?"

குட்டி விரல் ஓர் உருண்டை மீனின் வயிற்றில் போய் நின்றது. "இது பேத்தை ரீச்சர். எண்ணுறேல்ல. வலையில வந்தால் அப்பா எறிஞ்சுபோடுவார். திண்டால் செத்துப்போவம்."

அம்புறோஸ் சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "படம் கீறின பெடியன் கொழும்பு ரீச்சர். உருண்டையா, வடிவா இருக்கெண்டு..."

"வடிவுதான். பிரேதப் பெட்டியும் வடிவாத்தான் செய்யிறாங்கள்."

"எண்ணுறதுக்குத்தானே படம்? தின்னுறதுக்கே?"

"சட்டிக்குள்ள கிடந்தால் தின்னுறதுக்குத்தான் எண்டு நாலரை வயசுக்குத் தெரியுது. உங்களுக்கு எத்தினை வயசு சேர்? ஒரு வீட்டையே அடக்கம் செய்ய உந்த ஒன்பதாவது மீன் போதும். இதில மந்தம் ஆர்?"

ஜெயனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சேரை ஏறிட்டுப் பார்த்தாள். அவர் பையைத் திறந்தார், மூடினார். பிறகு அசட்டுச் சிரிப்போடு பேனையை நீட்டினார். "மற்றப் பக்கமெல்லாம் சரிதானே ரீச்சர். ஒரு கையெழுத்து..."

"மீனை எடுத்துப்போட்டு வாங்கோ. வரேக்க சப்பாத்தை வெளியில விட்டிட்டு வாங்கோ. இப்ப அந்தத் தாளைத் தாங்கோ."

"இது ஒரு பிரதிதான் இருக்கு..."

"அதாலதான் கேக்கிறன்."

ரீச்சர் நீட்டிய கையை மடக்கவில்லை; சேர் தாளைக் கொடுத்தார். புத்தகத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டு, மணலில் சப்பாத்துப் புதையப் புதையப் போனார். மோட்டார்சைக்கிள் இரண்டு உதையில் மறுத்து மூன்றாவதில் புறப்பட்டது.

ரீச்சர் கதவைச் சாத்தினார். காற்று அதைத் திருப்பித் தள்ளியது. தாளில் ஜெயனியின் பெயர் இருந்த துண்டை மட்டும் கிழித்தெடுத்து அவளுடைய உள்ளங்கையில் வைத்துப் பொத்தினார். மிச்சத்தை நாலாக மடித்து, கதவிடுக்கில் செருகி, முழங்கையால் ஓங்கி ஓர் இடி இடித்தார். கதவு நின்றது.