மார்ச்சுக்குப் பிறகு பெரியவள் சேர்த்தவை

அக்காவும் தங்கையும் பதினாறு வருஷம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பிழைத்தார்கள். காலை ஏழு மணியிலிருந்து ஒரு மணி வரை தங்கை. சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கு வைக்கும் வரை அக்கா. வீட்டில் அவர்களைச் சின்னவள், பெரியவள் என்றுதான் சொல்வார்கள். நாமும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

ஆஸ்பத்திரி டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து அனுப்பியதும், கண்டதையெல்லாம் ஒரு சின்னக் கருவியில் பேசி வைப்பார்கள். அந்தப் பேச்சு ஒரு கம்பெனி வழியாக பெரியவள் வீட்டு முன்னறைக்கு வந்து சேரும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டுக் கேட்டு ஆங்கிலத்தில் அறிக்கையாக அடித்துத் தர வேண்டும். காலடியில் ஒரு பெடல் உண்டு. மிதித்தால் டாக்டர் பேசுவார், காலை எடுத்தால் நிறுத்திவிடுவார். நான் சொன்ன இடத்தில் வாயை மூடுகிற ஆம்பிளைகள் உலகத்திலேயே இவர்கள்தான் என்று பெரியவள் சொல்வாள். சொல்லிவிட்டு அடுப்படிப் பக்கம் பார்ப்பாள். அங்கே அவள் புருஷன், சின்னவளின் அத்தான், ஒன்றும் காதில் விழாதவர் மாதிரி வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். அவர் லிஃப்ட் மெக்கானிக். வீட்டில் இருக்கிற நேரத்தில் சமையல் அவர் கையில்தான்.

டாக்டர்கள் புதிதாக ஒன்றும் பேசிவிட மாட்டார்கள். அதே முட்டி, அதே முதுகு, அதே வரிகள். அதனால் கம்ப்யூட்டரோடு கூடவே வந்த ஒரு புரோகிராமில் பெரியவள் ஒரு பட்டியல் போட ஆரம்பித்தாள். ஐந்தாறு எழுத்தை அடித்து இடைவெளிப் பட்டனைத் தட்டினால் முழு வாக்கியமும் பொத்தென்று வந்து விழும். அந்த ஐந்தாறு எழுத்துக்கு அவர்கள் வைத்துக்கொண்ட பெயர் சுருக்கு. மற்றவர்களாக இருந்தால் நோயின் முதல் எழுத்துகளை வைப்பார்கள். பெரியவள் சொந்தக்காரர்களை வைத்தாள். மாமியார் பெயரை அடித்தால் ‘காரணம் கண்டறியப்படாத நீடித்த தலைவலி’ என்று வரும். புருஷனின் அண்ணன் பெயருக்கு வயிற்று உப்புசம். பத்து வருஷமாக வாடகையை ஏற்றாத வீட்டுக்காரருக்கு ‘இதயம் நல்ல நிலையில் உள்ளது’. மனசு குளிர்ந்தால் ஒன்று, எரிந்தால் ஒன்று என்று பட்டியல் நாலாயிரத்தைத் தாண்டியது.

சின்னவளின் செல்லப்பெயருக்கு வந்த வரி, ‘குறிப்பிடும்படியான குறை எதுவும் இல்லை’. முதல் வருஷமே அவள் அதைக் கண்டுபிடித்து, என்னடி இது என்று கேட்டாள். அடிக்கடி வருகிற வரி அது, உன் பெயர்தான் அடிக்கச் சுலபம், அதனால் வைத்தேன், ரொம்பப் பூரிக்காதே என்றாள் பெரியவள்.

போன செப்டம்பரில் பெரியவள் போய்ச் சேர்ந்தாள். வெறும் வாயு என்று சொல்லிக்கொண்டிருந்தவள் ஒருநாள் குளியலறையில் உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல் போனாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து மூன்றே வாரம். துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தான் ஒன்றையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அந்த மூணு வாரத்துக்கு முன்னால அவளுக்கு வலின்னு ஒண்ணுமே இல்லை, இருந்திருந்தா எங்கிட்ட சொல்லாம இருப்பாளா, அந்த மட்டுக்கும் புண்ணியவதி. அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் உடையாமல் நின்றது. சின்னவளும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அவளும் அதை நம்பினாள்.

பிறகு காலையும் மாலையும் அவளே அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு தெரு தள்ளி அவளுக்கென்று ஒரு அறை வாடகைக்கு இருந்தது. தூங்க மட்டும் அங்கே போவாள். மாமியார் பெயரை அடித்ததும் தலைவலி வந்து விழும்போது, பின்னால் நின்று யாரோ முதுகில் தட்டிவிட்டுப் போன மாதிரி இருக்கும். ஒரு நாளைக்கு அறுபது, எழுபது தடவை அப்படித் தட்டு வாங்குவாள்.

ஜனவரியில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் போட்ட கம்ப்யூட்டர்களுக்கு இனிப் பாதுகாப்பு இல்லை, நோயாளிகளின் விவரம் வெளியே போய்விடும், மாத முடிவுக்குள் புதிதுக்கு மாறாதவர்களுக்கு வேலை அனுப்ப மாட்டோம். சின்னவள் அதைப் படித்துவிட்டுப் பார்ப்போம் என்று மூடி வைத்தாள். இரண்டாவது கடிதத்தையும் மூடி வைத்தாள். மூன்றாவதாகக் கம்பெனி மேற்பார்வைக்காரி போனிலேயே கூப்பிட்டாள். அதற்கப்புறம்தான் சின்னவள் கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரை வரச் சொன்னாள்.

அவர் பெட்டியைத் திறந்து, உள்ளே ஊதி, தும்மி, பெரியவருக்கு வயசாயிடுச்சு, ஆனா ஆப்பரேஷன் தாங்குவார் என்றார். நினைவகத்தைக் கொஞ்சம் கூட்டிவிட்டு, இருக்கிற டிஸ்க்கை முழுக்கத் துடைத்துப் புதிதை ஏற்ற வேண்டும். அறிக்கைகளைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம், பயமில்லை. பட்டியல் புரோகிராம்தான் வராது. அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. பட்டியலை வேண்டுமானால் தேதிவாரியாகக் காகிதத்தில் அச்சடித்துக்கொள்ளலாம் என்றார்.

காகிதத்தில் இருந்து என்ன, வந்து விழாதே என்று சின்னவள் நினைத்தாள். வேலை போனால் போகட்டும் என்றுகூட ஒரு நாள் முழுக்க நினைத்துப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வயதில் வேறு எந்த வேலையும் தெரியாதவள் நினைக்கிற நினைப்பா அது என்று அவளுக்கே தெரிந்தது.

அத்தானுக்கோ காகிதம் என்றதும் முகம் மாறிவிட்டது. பெரியவள் உயிரோடு இருந்த வரை அந்தப் பட்டியலை அவரைப் பார்க்க விட்டதில்லை. அவருக்கு என்ன வியாதி வைத்திருக்கிறாள் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர். ‘‘ஒண்ணு விடாம எடுத்துக் குடும்மா. அவ கையால எழுதினதுன்னு வேற என்ன இருக்கு எனக்கு? சாமான் சீட்டுகூட வாயாலதானே சொல்லுவா’’ என்றார். சனிக்கிழமை ரிப்பேர்காரரை வரச் சொல்லிவிடு, வெள்ளிக்கிழமைக்குள் அச்சடித்துவிடு என்று நாளும் அவரே குறித்தார்.

அது நடந்தது புதன்கிழமை பகல். முட்டிவலிக்கார நோயாளி ஒருவரின் பெயரில் இரண்டு தலைப்பெழுத்துகள். சின்னவள் அவற்றை அடித்து இடைவெளிப் பட்டனைத் தட்டினாள். எழுத்துகள் நிற்கவில்லை. மூன்று வரிகள் வந்து விழுந்தன.

‘இரவு இரண்டு மணிக்கு மேல் வலி. வலது பக்கம் படுக்க முடியவில்லை. வீட்டாருக்குத் தெரியாது.’

டாக்டர் சொன்னதைத்தான் நினைவில்லாமல் அடித்துவிட்டோமோ என்று அழித்தாள். மறுபடி அந்த இரண்டு எழுத்து. மறுபடி அதே மூன்று வரி. பெடலிலிருந்து காலை எடுத்தாள். பட்டியலைத் திறந்து, சேர்த்த தேதி வரிசையில் அடுக்கச் சொல்லி, கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

மார்ச் பதினொன்று வரை எல்லாம் வழக்கம்போல இருந்தது. பெயர்கள், கேலிகள், ஐந்தெழுத்து, ஆறெழுத்துச் சுருக்குகள். அதற்குப் பிறகு பெரியவள் சேர்த்தவை நாற்பத்தொன்று. ஏப்ரலில் சுருக்குகள் மூன்றெழுத்தாயின. ஜூனில் இரண்டு. பழைய வரிகளையே, விரலுக்கு வேலை குறையட்டும் என்று, சின்னச் சுருக்காக மறுபடி சேர்த்திருந்தாள். ஆகஸ்டில் ஓர் எழுத்து. அவற்றுக்கு நடுநடுவே எந்த டாக்டரும் சொல்லாத வரிகள் கிடந்தன.

‘குனியும்போது அடிவயிற்றில் பிடிக்கிறது. உட்கார்ந்தால் பரவாயில்லை.’

‘எடை நான்கு கிலோ குறைவு. புடவைக் கொசுவத்தில் மறைகிறது.’

‘விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. வேலை செய்ய முடிகிறது.’

‘குடும்ப வரலாறு: தாயாருக்கு இதே இடத்தில். பதினான்கு மாதம் படுக்கையில். நோயாளி உடன் இருந்து பார்த்தவர். சிகிச்சை வேண்டாம் என நோயாளி முடிவு செய்துவிட்டார்.’

அறிக்கை நடையில்தான் எல்லாமே. வேறு நடை அவளுக்கு வரவில்லை போலிருக்கிறது. தலையணையில் முகம் புதைத்துச் சொல்ல வேண்டியதை, தன்னைத் தவிர யாரும் திறந்து பார்க்காத இடத்தில், அடுத்தவர் கேஸ் மாதிரி அடித்து வைத்திருந்தாள்.

சின்னவளுக்கு ஜூன் மாதம் ஞாபகம் வந்தது. நாற்காலி மாறுகிற நேரத்தில் அக்கா புதிய சுருக்குச் சேர்ப்பதைத் தோளுக்கு மேலாகப் பார்த்துவிட்டு அவள் கேலி செய்திருந்தாள். ‘‘ரெண்டெழுத்துக்கு வந்துட்டியா? இன்னும் கொஞ்ச நாள்ல கம்ப்யூட்டரைப் பாத்துக் கண்ணடிச்சா போதும்னு சொல்லுவே போல. சோம்பேறி.’’

‘‘அதுக்குத்தாண்டி பழகிட்டிருக்கேன்’’ என்று பெரியவள் சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள் என்றுதான் அவள் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அத்தான் கொடுத்ததை என்ன ஏது என்று தெரியாமல் சாப்பிட்டாள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பட்டியலைத் தேதியோடு அவர் கையில் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். லிஃப்ட் பராமரிப்பு ரிஜிஸ்டரைப் புரட்டியே, கம்பி எந்த வாரத்தில் இளைக்க ஆரம்பித்தது என்று சொல்லிவிடுகிறவர் அவர். நாற்பத்தொன்றையும் படிக்கவே வேண்டாம், சுருக்குகள் ஆறிலிருந்து ஒன்றுக்கு இறங்கியதைப் பார்த்தாலே போதும். ஆறு மாதம் பக்கத்தில் படுத்திருந்தவள் வலியோடு விழித்திருந்தாள் என்று தெரிந்தால், மார்ச்சிலேயே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே என்று அந்த மனுஷன் மிச்ச நாளெல்லாம் மார்ச்சிலேயே நின்றுவிடுவார்.

கொடுக்காமல் மறைத்தால் கேட்பார். கம்ப்யூட்டரை மாற்றாமல் இழுத்தடித்தால் வேலை போகும். மாற்றினாலோ, அக்கா யாரிடமும் சொல்லாததைச் சொன்ன ஒரே இடம் துடைத்தெறியப்படும். அதை ஒரு காகிதத்தில் பார்த்து எழுதி வைத்துக்கொள்ளலாம் என்று பேனாவை எடுத்தாள். எழுதிய காகிதம் என்றைக்காவது யார் கையிலாவது கிடைக்கும். பேனாவை மூடி வைத்தாள்.

வெள்ளிக்கிழமை அத்தான் வேலைக்குப் போனதும் உட்கார்ந்து அழிக்க ஆரம்பித்தாள். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழிக்க அந்தப் புரோகிராமில் வழி இல்லை. ஒவ்வொன்றுக்கும் ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று கேட்டது. ஒவ்வொன்றையும் படித்து, கண்ணை மூடி ஒரு தடவை சொல்லிப் பார்த்து, பிறகு ஆம் என்றாள். நாற்பத்தொரு ஆம். முதல் ஐந்தாறுக்கு அழுதாள். அப்புறம் அழுகை வரவில்லை. மிச்சத்தை அச்சடித்தாள். நூற்றுப்பன்னிரண்டு தாள்கள்.

அன்றைக்கு அத்தான் சமைக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து படித்தார். தன் பெயருக்கு எதிரே ‘வளைந்து கொடுப்பதில்லை, பயிற்சியால் சரியாகலாம்’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். செப்டம்பருக்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்கவில்லை. செய்தது சரிதான் என்று சின்னவள் மனசைத் தேற்றிக்கொண்டு கிளம்பினாள்.

சனிக்கிழமை காலை ரிப்பேர்காரர் வந்து புது நினைவகத்தைச் செருகி, திரையில் ஏதேதோ தட்டிக்கொண்டிருந்தார். அழித்தவை எல்லாம் நிஜமாகவே போய்விட்டனவா என்று சின்னவள் மெதுவாகக் கேட்டாள். இல்லை, டிஸ்க்கைத் துடைக்கிற வரைக்கும் உள்ளே எங்கேயாவது கிடக்கும், தேடினால் எடுத்துவிடலாம், ஏதாவது வேண்டுமா என்று அவர் திரும்பினார். அதற்குள் அத்தான் உள்ளேயிருந்து வந்துவிட்டார். கையில் கடைசித் தாள்.

‘‘மார்ச் பதினொண்ணோட நிக்குதேம்மா.’’

‘‘அதுக்கு மேல சேக்க ஒண்ணும் இல்லை அத்தான்’’ என்றாள் சின்னவள். ‘‘எல்லா வரியும் ஏற்கெனவே இருந்துச்சு.’’

அவர் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். தேதிகள் இருந்த ஓரத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே கொண்டுவந்தார். பதினாறு வருஷத்தில் ஒரு வாரம் விட்டுப்போகவில்லை. விரல் கடைசித் தேதியில் நின்று, அதற்குக் கீழே இருந்த வெள்ளையில் கொஞ்ச தூரம் போயிற்று.

‘‘தினமும் உக்காந்திருந்தாளே’’ என்றார்.

அவர் சின்னவள் முகத்தைப் பார்த்தார். அவள் பார்வையைத் தாழ்த்தாமல் இருக்க முயன்றாள், முடியவில்லை.

ரிப்பேர்காரருக்கு இதெல்லாம் தெரியாது. ‘‘துடைக்கட்டுமா? ஏதாவது தேடணுமான்னு கேட்டேனே. ஒரு தடவை துடைச்சா அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது’’ என்றார்.

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். ‘‘வேண்டாம். தேட ஒண்ணும் இல்லை. துடைச்சிடுங்க.’’

திரையில் ஒரு நீலக் கோடு இடதிலிருந்து நகர ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் ஆகும் என்றார் ரிப்பேர்காரர். அத்தான் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, டீ போடுகிறேன் என்று அடுப்படிக்குப் போனார். குழாய் திறந்த சத்தம் கேட்டது. பாத்திரம் எடுக்கிற சத்தம் கேட்கவில்லை. தண்ணீர் தொட்டியில் வெறுமனே கொட்டிக்கொண்டே இருந்தது.

குழாயை யாரோ மறந்துவிட்டார்கள் போலிருக்கிறதே என்றார் ரிப்பேர்காரர். இல்லை, அத்தான் இருக்கிறார் என்று சின்னவள் சொன்னாள். எழுந்து போகவில்லை. கோடு நகர்வதைப் பார்த்துக்கொண்டு, தண்ணீர் நிற்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.