காற்றுத் தலையணை

ஹட்டனில் ரயில் நிற்கிறது. சோதனைக்குச் சிப்பாய்கள் ஏறுகிறார்கள். அடையாள அட்டை, ஓய்வூதிய அட்டை, கிராம அலுவலர் கடிதம் எல்லாவற்றையும் ஒழுங்குப்படி மடியில் வைத்திருக்கிறேன். சுகமாகத் தூங்கிப் போகலாமென்று மகள் கனடாவிலிருந்து அனுப்பிய காற்றுத் தலையணை கழுத்தைச் சுற்றி இருக்கிறது. அதற்குத்தான் கடிதம் இல்லை.

"அதக் கழட்டிருங்க ஐயா. ஆமிக்காரங்க குண்டுன்னு நெனச்சிருவாங்க," என்கிறார் எதிரே இருக்கும் தேயிலைத் தோட்டத்து அம்மா.

"இதைப் போடக்கூடாதெண்டு ஒரு சட்டமும் இல்லை அம்மா."

"சட்டத்த அவங்க எங்கங்க படிச்சாங்க?"

கழற்றக் கையை உயர்த்துகிறேன். அதற்குள் ஒரு சிப்பாய் வந்துவிடுகிறான். அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். அவன் பார்வை என் கழுத்துக்குப் போகிறது. துப்பாக்கி நிமிர்கிறது. அரசாங்கக் கந்தோரில் முப்பது வருடம் சிங்களத்தில் கடிதம் எழுதிய எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அம்மா முந்திக்கொண்டு சிங்களத்தில் சொல்கிறார்: ஐயாவுக்குக் கழுத்து எலும்பில் வருத்தம், அசைக்கவே கூடாதாம்.

அவன் தலையணையை விரலால் அமுக்கிப் பார்க்கிறான். பிறகு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறான்.

கொட்டகலை தாண்டியதும் அருவி பார்க்கப் பெட்டியே ஜன்னல் பக்கம் சாய்கிறது. என் தலையும் மெல்ல அசைகிறது.

"திரும்பாதீங்க ஐயா," என்கிறார் அம்மா, அருவியைப் பார்த்தபடியே.