தறி நின்றால் விழிக்கும் நாய்

எங்கள் வீட்டு வெள்ளை நாய்க்குக் காது கேட்காது என்பது வெகுநாள் வரை எங்களுக்குத் தெரியாது. தறி ஓடும் வீட்டில் அது தெரிய வழியும் இல்லை. நான் உட்கார்ந்து நெய்துகொண்டிருப்பேன். பக்கத்திலேயே சிமெண்டுத் தரையில் காலை நீட்டிப் படுத்து அது தூங்கும். எங்கள் தெருவில் கைக்குழந்தைகளே அந்தச் சத்தத்தில்தான் தூங்குகின்றன. தறியை நிறுத்தினால் மட்டும் நாய் சட்டென்று தலையைத் தூக்கிப் பார்க்கும். "இன்னா காது பாரு இதுக்கு" என்று பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

கூட இருக்கும் என் தம்பிக்கு வேறு ஆசை. நாயின் உடம்பில் பொட்டுக் கருப்பு கிடையாது. மூக்கு ரோஜா நிறம், ஒரு கண் நீலம். சின்ன காஞ்சிபுரத்தில் அவன் சிநேகிதனிடம் அதே மாதிரி ஓர் ஆண் நாய் இருந்தது. இரண்டையும் சேர்த்தால் குட்டியெல்லாம் வெள்ளையாகப் பிறக்கும் என்று முடிவே செய்துவிட்டான். எதையாவது நினைத்துப் பயப்படுவது என் சுபாவம். பிரசவத்தில் நாய் செத்துப்போனால்? குட்டியை வாங்கியவன் சோறு போடாவிட்டால்? எதற்குப் பயப்பட வேண்டுமோ அது மட்டும் என் புத்தியில் படவில்லை.

மழை நாளில் தரை சில்லென்றிருக்கிறதே என்று ஒருமுறை அதைக் கயிற்றுக் கட்டிலில் படுக்க வைத்தேன். இழை அறுந்ததால் தறியை நிறுத்தினேன். நாய் தலையைத் தூக்கவில்லை. கூப்பிட்டேன், கையைத் தட்டினேன். அசைவே இல்லை. செத்துவிட்டது என்றே நினைத்து, ஓடிப் போய் வயிற்றில் கையை வைத்தேன். அது அலறி எழுந்து கையைக் கவ்வியது. யாரென்று பார்த்ததும் அதே கையை நக்கியது.

"நாய் உசுரோட இருக்குது, அப்புறம் இன்னாத்துக்கு அழுதுக்கினு இருக்குற?" என்றான் தம்பி. பல் லேசாகத்தான் பட்டிருந்தது. ஆனாலும் நான் ஊசி போட்டுக்கொண்டேன். பிறகு நாயை மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டரம்மா அதன் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்கினார். திரும்பவில்லை. "ரெண்டு காதும் கேக்கலைமா. தோலுக்கு நிறம் குடுக்குற செல் காதுக்குள்ளயும் இருக்கணும். அது இல்லன்னா, சத்தத்தை வாங்குற செல்லுங்க குட்டியிலயே செத்துடும். வெள்ளை நாய் எல்லாமே செவிடு இல்ல. இதுக்கு மூக்குலயும் கண்ணுலயும் கூட நிறம் வரலை பாருங்க."

பட்டு நூல் சிட்டத்தை இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கினால், கட்டுக்குள்ளே சாயம் ஏறாமல் வெள்ளையாகவே நின்றுவிடும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அப்படித்தான் விளங்கியது.

"அப்போ தறி நின்னா எப்படி எழுந்துக்குது?"

"தரை அதிருதுல்ல? அது நின்னதும் முழிச்சுக்குது."

தம்பி மெதுவாகக் கேட்டான்: "குட்டிங்களுக்கும் வருமா மேடம்?"

"வரலாம். அப்பனும் இதே மாதிரின்னா இன்னும் அதிகமா வரலாம். குட்டி போட விடாதீங்க."

வண்டியில் திரும்பும்போது நாயை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். "காது கேக்குற குட்டியும் பொறக்கும்லக்கா" என்றான்.

"கேக்காததை இன்னா பண்ணுவ? பின்னாடி லாரி வந்தா அதுக்குத் தெரியுமா?"

வீட்டுக்கு வந்ததும் தம்பி சிநேகிதனுக்குப் போன் போட்டான். "வேணாண்டா. மொதல்ல உன் நாய் பின்னாடி நின்னு கையைத் தட்டிப் பாரு."

நாய்க்குக் கருத்தடை செய்து கூட்டிக்கொண்டு வந்தோம். மயக்கம் தெளியும் வரை நான் பட்ட பாடு தனி. இப்போதெல்லாம் தம்பி உள்ளே வரும்போது தரையில் ஓங்கி மிதித்துவிட்டுத்தான் வருகிறான். "மகாராணி, வரலாமா?" என்பான். அது தலையைத் தூக்கி வாலை ஆட்டும்.

மழைக்காலத்திலும் அதைக் கட்டிலில் விடுவதில்லை. தறிக்குப் பக்கத்தில் மெல்லிய கோணியை விரித்துவிடுகிறேன். நான் எழுந்துபோனால் அதற்குத் தெரிய வேண்டும்.